சின்ன அமலா கொடுத்த வாக்கு

அமலோற்பவம் ஒருத்திதான். ஆனால் திருச்சியில் அவள் நர்ஸாக வேலை பார்த்த அந்தத் தனியார் மருத்துவமனையில் எந்தக் கட்டிலில் போய்ப் படுத்தாலும் அவள் குரல் கேட்கும். காய்ச்சலில் புரள்கிறவரிடம் "தண்ணி வேணுமாய்யா?" என்று கேட்பதும் அந்தக் குரல்தான். தையல் பிரித்த பெண்ணிடம் "இன்னும் எரியுதாம்மா?" என்று விசாரிப்பதும் அதுதான். அதே நேரத்தில் நிஜமான அமலா மூன்றாவது மாடியில் யாருக்காவது கட்டு மாற்றிக்கொண்டிருப்பாள், இல்லை ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருப்பாள்.

கட்டிலின் தலைமாட்டில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். நிர்வாகம் அதற்கு 'துணை' என்று பெயர் வைத்தது. நோயாளியின் மூச்சையும் நாடியையும் முனகலையும் அது ஓயாமல் கவனிக்கும். கேட்டால் பதில் சொல்லும். நிலைமை சரியில்லை என்று பட்டால் நர்ஸைக் கூப்பிடும். அதற்குக் குரல் தேடியபோது ஐந்தாறு சிஸ்டர்களைப் பேசவைத்து நோயாளிகளிடம் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் அமலாவைத்தான் கைகாட்டினார்கள். அவள் குரலில் அப்படி என்ன இருந்ததோ தெரியவில்லை, கேட்டவர்களுக்குப் பாதி நோய் இறங்கின மாதிரி இருந்தது. பிறகு பல மாதங்கள் அவள் சட்டைக் காலரில் ஒரு பொத்தானைக் குத்தி அனுப்பினார்கள். அவள் பேசினதையெல்லாம் அது கேட்டது, பேசிய கையோடு என்ன செய்தாள் என்பதையும் பார்த்துக்கொண்டது. அப்படிப் படித்து வளர்ந்ததுதான் துணை. மற்ற நர்ஸுகள் அதைச் சின்ன அமலா என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். அமலாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சின்ன அமலா பல உயிர்களைக் காப்பாற்றியது. தூக்கத்திலேயே மூச்சு தேய்ந்துகொண்டிருந்த ஒருவரைப் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தெரிவதற்கு முன் கண்டுபிடித்துக் கூப்பிட்டது. அதனாலேயே வார்டுக்கு நான்கு நர்ஸுகள் இருந்த இடத்தில் இரண்டு பேர் போதும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அமலா கட்டிலருகே போய் "எப்படிய்யா இருக்கு?" என்று ஆரம்பித்தால், "இப்பத்தானே சிஸ்டர் கேட்டீங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று சிரித்தார்கள். சேர்க்கும்போதே எல்லாம் விளக்கித்தான் சொல்வார்கள். ஆனாலும் பாதிப் பேர், அவள் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து போனில் பேசுகிற மாதிரி பேசுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். முதலில் அவள் திருத்தினாள். அப்புறம் அலுத்துவிட்டது. கட்டிலருகே நிற்பதும் நாளடைவில் குறைந்துபோயிற்று.

வைத்திலிங்கம் அந்த வார்டுக்கு வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்காக. உறையூர்ப் பக்கம் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பந்தல் போடுகிறவர். அறுபது வயதாகியும் சவுக்குக் கம்பைத் தானே தோளில் தூக்கிப் போடுகிற ஆள். வேலையாட்களை அதட்டி அதட்டி உரத்துப்போன தொண்டை. அவர் பேசினால் வார்டே திரும்பிப் பார்க்கும். சேர்ந்த அன்று அமலா அவருக்கு ரத்தம் எடுத்தாள், உடை கொடுத்தாள். அவர் மனைவி மங்கையர்க்கரசி மத்தியானம் வரை கூட இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வைத்திலிங்கத்தை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது தாழ்வாரத்தில் அமலா எதிரே வந்தாள். ஒரு கையில் மருந்துத் தட்டு, இன்னொரு கையில் யாருக்கோ கொடுக்க வேண்டிய எக்ஸ்ரே. ஸ்ட்ரெச்சரிலிருந்து அவர் தலையைத் தூக்கினார்.

"சிஸ்டர், சொல்லிட்டீங்கள்ல?"

"எல்லாம் சொல்லியாச்சுய்யா. தைரியமாப் போங்க" என்றாள் அமலா.

அவர் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "அப்ப சரி" என்று தலையைச் சாய்த்துக்கொண்டார். எதைக் கேட்டார் என்று அமலாவுக்குத் தெரியாது. வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டிருப்பார், இல்லை காபி கொடுக்க வேண்டாம் என்று கேன்டீனில் சொல்லியாயிற்றா என்று கேட்டிருப்பார். தியேட்டருக்குப் போகிறவர்கள் இப்படி எதையாவது கேட்பார்கள், நர்ஸுகள் இப்படி எதையாவது சொல்வார்கள். அவள் எக்ஸ்ரேயைக் கொடுக்கப் போய்விட்டாள்.

வைத்திலிங்கம் திரும்பி வரவில்லை. மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்த கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது, எப்போதாவது ஒருவருக்கு இப்படி ஆகும் என்று வீட்டாரிடம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. அமலா அன்று வீட்டுக்குப் போய் அவருக்காக ஜெபமாலை சொன்னாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு முற்பகலில் மங்கையர்க்கரசி தனியாக வந்தாள். சண்டைக்கு வரவில்லை. நர்ஸுகள் உட்காரும் மேஜைக்கு முன்னால் வந்து, கையில் சுருட்டிப் பிடித்த முந்தானையோடு நின்றாள்.

"அமலா சிஸ்டர் நீங்கதானே? மொகம் நெனப்பில்ல, பேசினாத்தான் தெரியும். பேசுங்க."

"நான்தாம்மா. உக்காருங்க."

"ஆமா, இந்தக் குரல்தான்" என்று அவள் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கு நீங்க டாக்டர்கிட்ட சொன்னப்ப அவரு என்ன சொன்னாரு?"

"எதம்மா?"

"ஆபரேஷன் வேணாம்னு எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொன்னாருல்ல. சாயங்காலம் எனக்கு போன் பண்ணினாரு. 'மங்க, எனக்கு நாளைக்கு வேணாம்னு தோணுது, மனசு ஒப்பல, சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், அவங்க டாக்டர்கிட்ட பேசிடுவாங்க'ன்னாரு. நான்தான் திட்டினேன். 'கம்பு தூக்கறப்பல்லாம் வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காருறீங்க, வெட்டிப் பயம் பயந்துக்கிட்டு, பேசாம பண்ணிக்கிட்டு வாங்க'ன்னேன். அவரு கேக்கல. நான் காலைல வந்து சேர்றதுக்குள்ள உள்ள போயிட்டாரு. அப்ப டாக்டர் ஏதோ எடுத்துச் சொல்லித்தானே மனசு மாறியிருக்கணும்? என்ன சொன்னாருன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

தாழ்வாரத்தில் அவர் தலையைத் தூக்கிக் கேட்டது அமலாவுக்கு இப்போதுதான் புரிந்தது. பெஞ்சில் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

துணையைப் பராமரிக்கிற நௌஷாத் அங்கேதான் இருந்தான். சின்னப் பையன், ஆனால் வேலையில் கெட்டிக்காரன், அமலா மேல் மரியாதை உள்ளவன். அவள் விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சுப் பேசாமல் அந்தச் சாயங்காலத்தின் பேச்சைத் தேடி எடுத்துப் போட்டான்.

"சிஸ்டர்" என்றது வைத்திலிங்கத்தின் குரல். அந்த உரத்த தொண்டை அன்று அடங்கியிருந்தது.

"சொல்லுங்கய்யா" என்றது அமலாவின் குரல்.

"நாளைக்கு இந்த ஆபரேஷன் வேணாம்னு இருக்கு."

"பயமா இருக்காய்யா? மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"பயம்னு இல்ல. வேணாம். டாக்டர்கிட்ட நேர்ல சொல்ல நாக்கு எழும்ப மாட்டேங்குது, சிடுசிடுன்னு விழுவாரு. கையெழுத்து வேற போட்டுட்டேன். நீங்க சொல்லிடுங்க சிஸ்டர், நீங்க சொன்னா கேப்பாரு."

"சரிங்கய்யா, நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

"சொல்லிடுவீங்கள்ல?"

"நான் பாத்துக்கறேன்."

நௌஷாத் நிறுத்தினான். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது அமலாவுக்கு. அதில் எத்தனை கனிவு. அவளே படுத்திருந்தாலும் நம்பித் தூங்கியிருப்பாள்.

"சொல்லச் சொல்லிக் கேட்டாரே தம்பி. அதுக்குக் காது கேக்கலயா?"

"கேட்டுச்சு சிஸ்டர். நெஞ்சு வலி, மூச்சு முட்டுது, தலை சுத்துதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாருன்னா அடுத்த நொடி உங்களக் கூப்பிட்டிருக்கும். இத அது பயம்னு எடுத்துக்கிச்சு. பயத்துக்கு ஆறுதல் சொல்லியிருக்கு."

"ஆறுதல் சொல்லல தம்பி. பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கு. ஒத்துக்கிட்டுச் செய்யலன்னா அது என்ன மெஷினு? யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நௌஷாத் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். அவள் விடாமல் கேட்டாள்.

"நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல சிஸ்டர்" என்றான் கடைசியில். "உங்ககிட்டேருந்து கத்துக்கிட்டது. நீங்க 'ஊசி போட்டுடறேன்'னு சொன்னா, போட்டிருப்பீங்க. 'டாக்டரக் கூப்பிடறேன்'னு சொன்னா, கூப்பிட்டிருப்பீங்க. வார்த்தைக்குப் பின்னாடி வேலை வருதான்னு பாத்து அது அர்த்தம் புரிஞ்சிக்கும். 'பாத்துக்கறேன்'னு நீங்க சொன்ன எடத்துல..." அவன் தயங்கினான். "அங்கெல்லாம் பின்னாடி ஒண்ணும் வரல சிஸ்டர். பேஷண்ட் அமைதியாயிடுவாங்க, நீங்க அடுத்த கட்டிலுக்குப் போயிடுவீங்க. அதனால அது பேச்ச முடிக்கிற வார்த்தைன்னு வச்சுக்கிச்சு."

"எல்லா எடத்துலயுமா?"

"கொஞ்சம் எடத்துல செஞ்சிருக்கீங்க" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அமலா சோம்பேறி இல்லை. அந்த மருத்துவமனையில் அவளைப் போல் ஓடி ஓடி உழைத்தவர்கள் குறைவு. நோயாளியின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த கட்டிலில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். குளிப்பாட்ட ஆம்பள ஆளை அனுப்ப வேண்டாம் என்று ஒரு டீச்சரம்மா கூச்சத்தோடு கேட்டது நினைவுக்கு வந்தது. என் வியாதியை என் தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஒருவர் கெஞ்சியது வந்தது. டாக்டரிடம் சொல்ல வாய் வராததையெல்லாம் ஜனங்கள் நர்ஸிடம்தான் சொல்வார்கள். சொன்னதும் அவர்களுக்குப் பாரம் இறங்கிவிடும். அந்தப் பாரம் தன் தலையில் ஏறியிருக்கிறது என்று அமலா ஒருநாளும் உணர்ந்ததில்லை. டீச்சரம்மாவைக் குளிப்பாட்ட அப்புறம் யார் போனார்கள் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

மேட்ரன் ஹெப்சிபாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஹெப்சிபா கெட்டவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாள்.

"அவரு கையெழுத்துப் போட்டுத்தான் உள்ள போனாரு. மெஷின் பேசறது நர்ஸு பேசறதா ஆகாதுன்னு சேர்க்கறப்பவே சொல்லியாச்சு. அந்தம்மாகிட்ட அத மட்டும் சொல்லி அனுப்பு. அந்த வார்த்தைய எடுத்துட்டு வேற ஏதாவது போடச் சொல்லிடறேன்."

"வார்த்தைய எடுத்துட்டாப் போதுமா மேடம்? தாழ்வாரத்துல 'சொல்லியாச்சு'ன்னு சொன்னது மெஷின் இல்லையே."

"அத யாரும் கேக்கல. நீயா எதுக்குச் சொல்ற?" ஹெப்சிபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நோயாளி வேணாம்னு சொன்னதக் கேட்டும் சொல்லாம விட்டாள்னு நர்சிங் கவுன்சிலுக்குப் போனா உன் பதிவையே எடுத்துடுவாங்க அமலா. அப்புறம் இந்த உடுப்ப நீ போட முடியாது. நல்லா யோசிச்சுக்கோ."

அமலா யோசித்தாள். படியேறிய நேரமெல்லாம் அதையேதான் யோசித்தாள். இந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியாது. வேறெதையும் அவள் விரும்பியதும் இல்லை. மேட்ரன் சொன்னதைச் சொன்னால் அது பொய்யும் ஆகாது. மங்கையர்க்கரசி எழுந்து போய்விடுவாள்.

பெஞ்சில் அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அமலா பக்கத்தில் உட்கார்ந்து, மேட்ரன் சொன்னபடியே ஆரம்பித்தாள்.

"அம்மா, அன்னிக்கு உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினது நான் இல்ல. கட்டில்ல ஒரு மெஷின் இருக்கு. அது என் குரல்ல பேசும்."

மங்கையர்க்கரசி கோபப்படவில்லை. அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை.

"மெஷினு இருக்குதுன்னு சொன்னாங்க. ஆனா நான் என் காதால கேட்டேன் சிஸ்டர். போன்ல அவருகிட்ட பேசிக்கிட்டிருக்கப்பவே பின்னாடி நீங்க, 'போன வச்சிட்டுத் தூங்குங்கய்யா, நான் பாத்துக்கறேன்'னு சொன்னீங்க. அவ்வளவு பாசமா மெஷினு பேசுமா? நான் உங்க மேல குத்தம் சொல்ல வரல. எதுக்கு இல்லைங்கறீங்க?"

உண்மையைச் சொன்னால் அது தப்பித்துக்கொள்கிற பேச்சாகத் தெரிகிறது. கீழே அழைத்துப்போய் நௌஷாத்தைக்கொண்டு நிரூபிக்கலாம்தான். நிரூபித்து என்ன ஆகப்போகிறது என்று அமலாவுக்குத் தோன்றியது. அந்த மெஷின் வேறு யாரையும் பார்த்து அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

"சரிம்மா, அது போகட்டும்" என்றாள். "காலைல தியேட்டருக்குப் போறப்ப என்னப் பாத்து, 'சொல்லிட்டீங்கள்ல'ன்னு கேட்டாரு. எல்லாம் சொல்லியாச்சு, தைரியமாப் போங்கன்னேன். அது மெஷின் இல்ல. நான்தான், இந்த வாயால சொன்னேன்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தானே சொன்னீங்க?"

"இல்லம்மா. சொல்லல. அவரு எதக் கேக்கறாருன்னே எனக்குத் தெரியாது. நின்னு என்னன்னு கேக்கல."

மங்கையர்க்கரசியின் விரல்களில் முந்தானை சுற்றிச் சுற்றி அவிழ்ந்தது.

"அப்ப டாக்டர் மாட்டேன்னுட்டாருன்னு நெனச்சிக்கிட்டுத்தான் உள்ள போயிருக்காரு."

"ஆமாம்மா."

"நானும் திட்டினேன். டாக்டரும் மாட்டேன்னுட்டாரு. யாருமே கேக்கலன்னு நெனச்சிருப்பாரு."

அமலாவின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாக்கில் வழக்கமான வார்த்தைகள் வந்து நின்றன. நல்லவேளை, ஒன்றையும் சொல்லவில்லை.

"புகார் குடுக்கணும்னா குடுங்கம்மா. நான் சொன்னத அங்கேயும் வந்து சொல்றேன்."

"புகார் குடுத்து என்ன பண்ண? அவரு சொல்லச் சொன்னாருல்ல, அதப் போய்ச் சொல்லுங்க."

"இனிமே சொல்லி..."

"சொல்லிடுங்க. உசுரோட இருக்கறப்ப உங்கள நம்பி ஒண்ணு குடுத்து அனுப்பினாரு. அது போய்ச் சேரணும்."

ஆபரேஷன் செய்த டாக்டர் சடகோபன் அப்போது புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அறைக்குள் காரணமில்லாமல் நுழைய நர்ஸுகளுக்கே பயம். பேனா மூடி கீழே விழுந்தால்கூட அதற்கும் ஒரு அதட்டல் இருக்கும். மங்கையர்க்கரசியை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒரு நோயாளி வெளியேறுகிற இடைவெளியில் அமலா உள்ளே போனாள். உட்காரவில்லை.

"சார், வைத்திலிங்கம் ஆபரேஷன் வேணாம்னு சொன்னாரு."

"எந்த வைத்திலிங்கம்?"

"குடலிறக்கம் சார். பந்தல்காரர். டேபிள்லயே..."

சடகோபன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எப்ப சொன்னாரு?"

"மொத நாள் சாயங்காலம் சார். உங்ககிட்ட நேர்ல சொல்லப் பயந்துக்கிட்டு என்னச் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கூரை அதிரப்போகிறது என்று அமலா தயாராக நின்றாள். அது வரவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சொல்லியிருந்தா அனுப்பிச்சிருப்பேனேம்மா. அவசரமே இல்லாத ஆபரேஷன். ஒரு பெல்ட்டக் கட்டிக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கலாம். அன்னிக்கு எனக்கு வேல தலைக்கு மேல இருந்துது. ஒருத்தர் வேணாம்னா சந்தோஷமா விட்டிருப்பேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்கிட்ட சொல்றதுக்கா பயந்தாரு?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த நோயாளி கதவைத் திறந்துகொண்டு தயங்கி நின்றார். அமலா அவருக்கு வழிவிட்டு வெளியே வந்தாள்.

மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். "என்ன சொன்னாரு?"

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அமலாவுக்குத் தெரியும். இத்தனை வருஷ வேலையில் இதற்கென்று எத்தனையோ இதமான வாக்கியங்களை அவள் சேர்த்துவைத்திருந்தாள். டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டார் என்றால் போதும், அது பொய்யும் இல்லை. அந்தம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குவாள். பண்ணிக்கிட்டு வாங்க என்று திட்டிய மனைவியிடம் போய் மிச்சத்தையும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆனால் சொல்லி அனுப்பிய சேதிக்குப் பதில் கேட்டு நிற்கிறாள் அவள். அதைப் பாதியில் விழுங்க அமலாவால் முடியவில்லை. மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைப் பெல்ட்டிலிருந்து சந்தோஷமாக விட்டிருப்பேன் என்றது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

"அவ்வளவு லேசாவா விட்டிருப்பாரு?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி.

"ஆமாம்மா" என்றாள் அமலா.